ஆக்சிஜன் செறிவாக்கி என்றே சொல்லுங்கள்

பெரியப்பாவுக்கு நுரையீரல் நோய் முற்றி, வீட்டிலேயே ஒரு மெஷின் வைக்க வேண்டியதாயிற்று. கூட வந்த தமிழ்க் கையேட்டின் அட்டையில் ‘ஆக்சிஜன் உற்பத்தி இயந்திரம்’ என்று போட்டிருந்தது. இந்தப் பெயரைச் செய்திகளில் எத்தனையோ தடவை எரிச்சலோடு கடந்திருக்கிறேன். இந்தத் தடவை முடியவில்லை. ஒரு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தால், சத்தம் தாங்கவில்லையென்று மெஷினைக் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே தள்ளி, மேலே போர்வையைப் போட்டு மூடியிருந்தார்கள்.

“இதுக்குக் காத்து வேணும் பெரியம்மா” என்றேன்.

“அதுதான் உள்ளேயே தயாரிக்குதேப்பா. தண்ணியில குமிழ் வருது பாரு” என்றார்.

குமிழ் வந்தது ஈரப்பதக் குடுவையில். வறண்ட ஆக்சிஜன் மூக்கை உலர்த்திவிடும் என்பதால், காய்ச்சி வடித்த நீர் வழியாக அதை அனுப்புகிறார்கள். அந்த நீரிலிருந்து ஆக்சிஜன் வருவதில்லை. பெரியம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். அட்டையில் இருந்ததைத்தான் அவர் நம்பினார்.

ஆங்கிலத்தில் இந்த மெஷினை ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் என்பார்கள். கான்சென்ட்ரேட்டர் என்பதன் லத்தீன் வேருக்கு ‘ஒரே மையத்தில் சேர்ப்பது’ என்று பொருள். ஆக்சிஜன் என்பது கிரேக்க வேர்களிலிருந்து பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே ஆக்கிய பெயர்: அமிலத்தை உண்டாக்குவது. எல்லா அமிலங்களிலும் அது இருக்கிறது என்று அவர் தவறாக நினைத்திருந்தார். சரி, வேர்க்கதை இது போதும்.

காற்றில் சுமார் 78 விழுக்காடு நைட்ரஜன், 21 விழுக்காடு ஆக்சிஜன், 1-க்குச் சற்றுக் குறைவாக ஆர்கான். மெஷின் அறைக் காற்றை இழுத்து அழுத்தி, சியோலைட் என்ற நுண்துளைக் கனிமக் குருணை நிரப்பிய உருளைக்குள் செலுத்துகிறது. அழுத்தத்தில் நைட்ரஜன் குருணையில் ஒட்டிக்கொள்ள, ஆக்சிஜன் கடந்துபோகிறது. அழுத்தம் தளர்ந்ததும் நைட்ரஜன் வெளியேறுகிறது. அந்நேரம் இன்னொரு உருளை வேலை செய்கிறது. சில நொடிக்கொரு தடவை கேட்கும் ‘புஸ்’ அந்த மாற்றத்தின் ஓசை. கடைசியில் கிடைப்பது 90 முதல் 96 விழுக்காடு ஆக்சிஜன். ஆர்கானும் கூடவே வந்துவிடுவதால் 100-ஐ எட்டாது.

இதில் உற்பத்தி எங்கே இருக்கிறது? “உப்பு உற்பத்தி என்கிறோமே, அதுவும் கடல்நீரிலிருந்து பிரிப்பதுதானே” என்று நண்பர் ஒருவர் வாதாடினார். நியாயமான கேள்வி. ஆனால் உப்பளத்தில் கடல்நீர் கண்ணெதிரே நிற்கிறது, யாரும் மறக்க மாட்டார்கள். காற்று கண்ணுக்குத் தெரியாது. அது எங்கிருந்து வருகிறது என்பதைப் பெயர் மறைத்துவிட்டால், போர்வை போடத்தான் தோன்றும்.

‘செறிவூட்டி’ பரவலாகப் பழகிய சொல், எவ்வளவோ மேல். ஆனாலும் ஊட்டுவது என்றால் வெளியிலிருந்து ஒன்றைச் சேர்ப்பது. உணவில் இரும்புச்சத்தைக் கலப்பதையும் செறிவூட்டல் என்றே சொல்கிறோம். இங்கே நடப்பது கழித்தல்: நைட்ரஜனை நீக்க, மிச்சம் செறிவாகிறது. அதனால் ‘செறிவாக்கி’ என்பேன். ‘செறிப்பி’ இன்னும் சுருக்கம்தான், கேட்பவருக்குப் பிடிபடாது. உயிர்வளி என்ற சொல் எனக்குப் பிடிக்கும். ஆனால் மூச்சுத் திணறும் ராத்திரியில் மருத்துவரோடு பேச ஆக்சிஜன் என்ற சொல்தான் கைகொடுக்கிறது. அதை மாற்ற வேண்டாம்.

மொழிபெயர்த்தவர் மெஷினைப் பார்த்தாரா என்பதே சந்தேகம். அபாய விளக்குக்கு எதிரே ‘குறைந்த ஆக்சிஜன் கவனம்’ என்று எழுதியிருந்தது. செறிவு குறைந்துவிட்டது, மாற்று சிலிண்டருக்கு மாறி உடனே உதவி கேளுங்கள் என்று சொல்ல வேண்டிய இடம் அது! இன்னொரு பக்கத்தில் ‘கொள்ளளவு 5 லிட்டர்’. அது கொள்ளளவே கிடையாது. நிமிடத்துக்கு 5 லிட்டர் வரை தரும் என்று அர்த்தம். எத்தனை லிட்டரில் வைப்பது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். தாங்கும் அளவுக்கு மேல் ஓட்டத்தைக் கூட்டினால் செறிவு இறங்கும்.

அன்றைக்கு மெஷினைச் சுவரிலிருந்து ஓரடி தள்ளி வைத்து, வடிகட்டியை உருவினேன். சாம்பல் நிறத்தில் பஞ்சுபோல் தூசி அப்பியிருந்தது. கழுவி, நன்றாக உலர்த்தி மாட்டிவிட்டு, ஒரு காகிதத்தில் எழுதி முன்பக்கம் ஒட்டினேன்: ‘ஆக்சிஜன் செறிவாக்கி. அறைக் காற்றிலிருந்து எடுக்கிறது. மூடாதீர்கள். பக்கத்தில் நெருப்பு கூடாது.’