மைலோ டின்னில் மூன்று சென்சர்

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், லிந்தாங் போகும் சாலையோரம் என் பட்டறை. போன வருஷம் ஒரு திங்கட்கிழமை, பசியாறிவிட்டு வந்து ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் காரை ஓரங்கட்டி இறங்கினார். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு கையில் சாவி, இன்னொரு கையில் பழைய மைலோ டின். டின்னை என் மேசையில் கவிழ்த்தார். மூன்று ஆக்ஸிஜன் சென்சர்கள் உருண்டன. கூடவே ரப்பர் பேண்ட் போட்ட பில் கட்டு.

“தம்பி, மீட்டர்ல எஞ்சின் லைட்டு எரிஞ்சிச்சு. இத மாத்துனா சரியாப் போவும்னாங்க, மாத்துனேன். நாலு நாள்ல திரும்ப வந்திருச்சு. வேற எடத்துக்குப் போனேன், அங்கயும் இதையேதான் மாத்துனாங்க. மூணாவது பட்டறை பொமெனும் இதேதான். இப்ப கார்ல இருக்கறது நாலாவது.”

பில்களைக் கூட்டிப் பார்த்தேன். 870 வெள்ளி (ரிங்கிட்). 2009 மாடல், உள்ளூர்த் தயாரிப்பு, ஊரில் பாதி வீட்டு வாசலில் நிற்கும் அதே சின்னக் கார்தான். மாதம் இரண்டு முறை மனைவியை ஈப்போ மருத்துவமனைக்குக் கூட்டிப்போகிறவருக்கு அது காலும் கையும் மாதிரி.

அந்த மூன்று பேரையும் திட்டி எழுதுவதற்காக இதைத் தொடங்கவில்லை. நானும் 22 வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், என் பங்குக்கு நானும் தப்பாக மாற்றியிருக்கிறேன். அவர்கள் எப்படி அந்த முடிவுக்குப் போனார்கள் என்று தெரிந்துகொண்டால், அடுத்த முறை உங்கள் காருக்கு அந்த விளக்கு எரியும்போது என்ன கேட்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும்.

ஸ்கேனரைச் சொருகினால் ஒரு எண் வரும். அவர் காரில் வந்தது பி0171. காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று அதற்கு அர்த்தம். இதை எஞ்சினின் கணினி எப்படிக் கண்டுபிடிக்கிறது? எக்ஸோஸில், அதாவது புகைக்குழாயில், உட்கார்ந்திருக்கும் ஆக்ஸிஜன் சென்சர், எரிந்து வெளியேறும் புகையில் எவ்வளவு ஆக்ஸிஜன் மிச்சமிருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறது. எடைக்கு எடை ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்பதுதான் கணக்கு. காற்று மிஞ்சினால் சென்சரின் மின்னழுத்தம் 0.1 வோல்ட் பக்கம் இறங்கும், பெட்ரோல் மிஞ்சினால் 0.9 பக்கம் ஏறும். நல்ல எஞ்சினில் இந்த இரண்டுக்கும் நடுவே ஓயாமல் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்துப் பார்த்துக் கணினி பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும். கூட்டிக்கூட்டிப் பார்த்தும் சென்சர் ‘காற்று அதிகம்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தால், ஒரு கட்டத்துக்கு மேல் விளக்கைப் போட்டுவிடும்.

செய்தி சென்சரிடமிருந்து வந்ததால், சென்சரை மாற்றியிருக்கிறார்கள். பால்மரம் (ரப்பர்) வெட்டும் ஆட்களை மேற்பார்க்கும் மண்டோரை வைத்துப் பெரியவரிடம் கேட்டேன்: “மண்டோர் வந்து இன்னைக்குப் பால் கொறவுன்னு சொன்னா, மண்டோரை மாத்துவீங்களா ஐயா?”

சிரித்துவிட்டார். “சில தொரைங்க மாத்தியிருக்காங்க தம்பி.”

பெரியவர் இன்னொரு உபகாரமும் செய்திருந்தார். கிராணி வேலை பார்த்த கை சும்மா இருக்குமா? சின்ன நோட்டில் விளக்கு எரிந்த நாள், அணைந்த நாள், அன்றைக்கு எங்கே போனார் என்று எல்லாம் குறித்திருந்தார். சந்தைக்கும் கோயிலுக்குமாக ஊருக்குள்ளேயே ஓட்டிய வாரங்களில் விளக்கு எரிகிறது. ஈப்போ போய் வந்த வாரங்களில் சில சமயம் தானாகவே அணைந்திருக்கிறது. ஆயிரம் வெள்ளி ஸ்கேனர் சொல்லாததை அந்த நோட்டு சொன்னது.

ஏன் என்றால், இந்த விளக்குக்கு ஓர் ஒழுங்கு உண்டு. பெரும்பாலான பழுதுகளுக்குக் கணினி ஒரு தடவை பார்த்ததும் விளக்கைப் போடாது. அடுத்த ஓட்டத்திலும் அதே பழுதைப் பார்த்தால்தான் போடும். பிறகு தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் சோதித்துப் பழுது தென்படாவிட்டால் தானே அணைத்துவிடும். ஆனால் எண்ணை உடனே மறக்காது. பொதுவாக எஞ்சின் 40 தடவை சூடாகி ஆறும்வரை நினைவில் வைத்திருக்கும். ஒவ்வொரு முறை சென்சர் மாற்றிய பிறகும் ‘நாலு நாள் நல்லா இருந்துச்சு’ என்று பெரியவர் சொன்னதன் ரகசியம் இதுதான். மாற்றியவர் எண்ணை அழித்துவிட்டார். கணினி முதலிலிருந்து எண்ணத் தொடங்கியது. அவ்வளவுதான்.

அதனால் என் முதல் வேண்டுகோள்: விளக்கு எரிகிறது என்று பேட்டரி வயரைக் கழற்றி மாட்டாதீர்கள். கிராமத்திலும் தோட்டத்திலும் எல்லாரும் சொல்லும் வைத்தியம் அது. விளக்கு அணையும். கூடவே தடயமும் போய்விடும். பழுது தோன்றிய நொடியில் எஞ்சின் எவ்வளவு சூடு, எத்தனை சுற்று, கார் ஓடிக்கொண்டிருந்ததா நின்றதா என்று கணினி ஒரு படம் பிடித்து வைத்திருக்கும். அதுவும் அழிந்துவிடும். பட்டறைக்கு வரும்போது ‘எண் என்ன’ என்று மட்டும் கேட்காமல், அந்தப் படத்தையும் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

பெரியவரின் காரில் அந்தப் படம் இருந்தது. வேகம் பூஜ்யம், எஞ்சின் நிமிஷத்துக்கு 740 சுற்று, சூடு 84 டிகிரி. அதாவது சிக்னலிலோ கடை வாசலிலோ நின்றுகொண்டிருக்கும்போது. எஞ்சினை ஓடவிட்டு ஸ்கேனரில் பார்த்தேன். சும்மா ஓடும்போது கணினி 22 சதவீதம் அதிகப் பெட்ரோலைத் திணித்துக்கொண்டிருந்தது. ஆக்ஸிலரேட்டரை மிதித்து 2500 சுற்றில் நிறுத்தினால் அது 4 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. இந்த எண் இரண்டு பக்கமும் பத்துக்குள் இருந்தால் நான் கவலைப்படுவதில்லை. பெட்ரோல் பம்பு பலவீனமாக இருந்தாலோ ஃபில்டர் அடைத்திருந்தாலோ மிதிக்க மிதிக்கப் பற்றாக்குறை கூடும். இங்கே தலைகீழ். எங்கேயோ காற்று நுழைகிறது.

இந்த இடத்தில் நானும் சறுக்கினேன். காற்று நுழைகிறது என்றதும் உள்ளே இழுக்கும் பக்கத்தையே தேடினேன். ஒவ்வொரு ஹோஸாக நெளித்துப் பார்த்தேன், ஒன்று விறைத்திருந்தது, மாற்றினேன். எண் அசையவே இல்லை. அரை நாள் போனது. காரை ராத்திரி விட்டுவிட்டுப் போகச் சொன்னேன்.

மறுநாள் காலை ஈரக் குளிரில் முதல் முறை ஸ்டார்ட் செய்தபோது கேட்டது: டிக், டிக், டிக். தையல் மெஷின் மாதிரி. இரண்டு நிமிஷத்தில் குறைந்து, ஐந்தாவது நிமிஷத்தில் நின்றுபோனது. முந்தின மூன்று பட்டறைகளுக்கும் அவர் கார் ஓட்டிக்கொண்டு, சூடாகத்தானே போயிருப்பார்? என்னிடமும் அப்படித்தான் வந்தார்.

எஞ்சினை ஆறவிட்டு, புகைக்குழாயின் வாயில் வேக்குவம் கிளீனரின் ஊதும் பக்கத்தை வைத்துத் துணியால் அடைத்தேன். சிலிண்டர்களின் புகையைச் சேர்த்துக் குழாய்க்கு அனுப்பும் மெனிஃபோல்ட் இணைப்பில் சோப்புத் தண்ணீர் தெளித்தேன். நாலாவது சிலிண்டர் பக்கம் நுரை பொங்கியது. தகட்டு மூடியைக் கழற்றினால் கோடு இழுத்த மாதிரி கரி. இணைப்பை இறுக்கும் ஓரத்து ஸ்டட் ஒன்று உடைந்து, நடுவில் அடைக்கும் கேஸ்கெட் அரித்திருந்தது. சூட்டில் சத்தம் மட்டும்தான் அடங்கியிருக்கிறது, கசிவு அடங்கவில்லை.

எக்ஸோஸில் ஓட்டை என்றால் புகை வெளியேதானே போகும், காற்று எப்படி உள்ளே வரும் என்று என்னிடம் வேலை பழகும் பையன் கேட்டான். நல்ல கேள்வி. புகை ஆற்று நீர் மாதிரி ஒரே சீராகப் போவதில்லை. ஒவ்வொரு சிலிண்டரும் ஒவ்வொரு முறை துப்புகிறது. இரண்டு துப்பலுக்கு நடுவில் குழாயில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறையும் நொடிகள் உண்டு. எஞ்சின் மெதுவாக ஓடும்போது அந்த இடைவெளி நீளம். அப்போது ஓட்டை வழியே வெளிக்காற்று உறிஞ்சப்படும். அடுத்து உட்கார்ந்திருக்கும் சென்சர் அந்த ஆக்ஸிஜனைப் பார்த்து உள்ளதை உள்ளபடி சொல்லும். வேகமாக ஓடும்போது துப்பல்கள் நெருங்கிவிடும், புகையும் அதிகம், வெளிக்காற்றுக்கு இடமில்லை. ஈப்போ போன வாரங்களில் விளக்கு ஏன் அடங்கியது என்பது இப்போது புரிகிறதா?

கெட்டது அதோடு நிற்பதில்லை. இல்லாத பற்றாக்குறைக்காகக் கணினி மாதக்கணக்கில் கூடுதல் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருந்தது. பணம் ஒரு பக்கம் போகட்டும். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்தால் அது உருகிப்போகும். அதன் விலையைக் கேட்டால் பழைய கார் வைத்திருப்பவர்கள் காரையே விற்றுவிடலாமா என்று யோசிப்பார்கள்.

அந்த விளக்கு மஞ்சளாக, நிலையாக எரிந்தால் அவசரப்பட்டு நடுரோட்டில் நிறுத்த வேண்டாம். கார் வழக்கம்போல ஓடினால் வீடு போய்ச் சேரலாம், அந்த வாரத்துக்குள் காட்டுங்கள். விட்டு விட்டுச் சிமிட்டினால் கதை வேறு. ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் பெட்ரோலை அப்படியே வெளியே தள்ளுகிறது. வேகத்தைக் குறைத்து, மேட்டில் மிதிக்காமல், பக்கத்தில் இருக்கும் பட்டறைக்கு மெதுவாகக் கொண்டுபோங்கள். நிறைய சமயம் பிளக்கோ இக்னிஷன் கொயிலோதான். எண்ணெய்க் குவளை, வெப்பமானி படம் போட்ட சிவப்பு விளக்குகளை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அவை எரிந்தால் ஓரம்கட்டி, அங்கேயே எஞ்சினை அணைக்க வேண்டும். அஞ்சு நிமிஷம்தானே என்று ஓட்டி எஞ்சினையே மாற்றியவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள்.

எங்கள் பக்கத்துக்கே உரிய ஒன்றையும் சொல்ல வேண்டும். எலி. பால்மரம் போய்ச் செம்பனை (எண்ணெய்ப்பனை) வந்த இடத்தில் எல்லாம் எலிக்குக் கொண்டாட்டம். உதிர்ந்த பழம் அதற்கு விருந்து. எலியைப் பிடிக்கத் தோட்டங்களில் கம்பத்தின் மேல் பெட்டி வைத்து ஆந்தை வளர்க்கிறார்களே, பார்த்திருப்பீர்கள். ராத்திரி சூடாக நிற்கும் எஞ்சின் எலிக்கு மெத்தை. ஒரு சகோதரியின் காரில் பின்பக்க ஆக்ஸிஜன் சென்சரைச் சூடாக்கும் வயர் பாதி கடிபட்டு, மழை நாளில் மட்டும் விளக்கு எரிந்தது. அங்கேயும் சென்சரை மாற்றத்தான் சொல்லியிருந்தார்கள். ஓர் அங்குல வயரும், சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் குழாயும் போட்டு அனுப்பினேன். தோட்ட ஓரம் கார் நிறுத்துகிறவர்கள் வாரம் ஒரு தடவை பானெட்டைத் திறந்து புழுக்கை கிடக்கிறதா என்று பாருங்கள்.

அதேபோல, சம்பந்தமில்லாத நாலைந்து எண்கள் ஒரே நேரத்தில் வந்தால் நான் முதலில் பேட்டரியையும் எர்த் வயரையும்தான் பார்ப்பேன். எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட் பக்கம் வர வேண்டும். பச்சை பூத்த ஒரு எர்த் வயர் ஐந்து சென்சர்களைப் பைத்தியமாக்கிவிடும்.

இப்போது காரில் சொருகிப் போனில் எண்ணைப் பார்க்கும் மலிவு டோங்கிள் பலரும் வாங்குகிறார்கள். வாங்குங்கள், தப்பில்லை. ஆனால் 2000களின் தொடக்கத்து உள்ளூர்க் கார்கள் பலவற்றில் 16 ஓட்டை சாக்கெட் இருந்தாலும் பேசும் மொழி வேறு, டோங்கிள் முழிக்கும். அதைவிடப் பழைய கார்களில் இரண்டு முனையை இணைத்து, விளக்கு எத்தனை தடவை சிமிட்டுகிறது என்று எண்ணித்தான் படிக்க வேண்டும். 1985இல் வந்த முதல் புரோட்டோன் சாகாவுக்கு இந்தத் தொல்லையே இல்லை, அது கார்புரேட்டர்.

செக்கன்ஹேண்ட் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு சின்ன சோதனை. நம் நாட்டில் சொந்தக் காருக்கு வருஷா வருஷம் சோதனை கிடையாது, அதனால் இந்த விளக்கோடு பத்து வருஷம் ஓடிய கார்கள் சந்தையில் சாதாரணம். ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்புங்கள். எஞ்சின் விளக்கு எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். சாவி திருப்பும்போதே எரியவில்லை என்றால் யாரோ பல்பைப் பிடுங்கியிருக்கலாம். விளக்கு ஒழுங்காக இருந்தாலும், ஸ்கேனரில் சுயசோதனைகள் ‘முடியவில்லை’ என்று வரிசையாகக் காட்டினால், நீங்கள் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் எண்ணை அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். அப்படி இருந்தால் இரண்டு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்குகிறேன் என்று சொல்லுங்கள். விற்பவரின் முகம் மீதியைச் சொல்லும்.

பெரியவரின் காருக்கு உடைந்த ஸ்டட்டை எடுக்கத்தான் நேரம் பிடித்தது. துரு. சூடுகாட்டி, எண்ணெய் விட்டு, மத்தியானம்தான் அசைந்தது. புது ஸ்டட், கேஸ்கெட், கூலி எல்லாம் சேர்த்து 210 வெள்ளி. டின்னிலிருந்த முதல் சென்சரை, கார் ஃபேக்டரியிலிருந்து வந்தபோது இருந்ததை, வைஸில் பிடித்து டார்ச் நெருப்பில் காட்டினேன். 0.8 வோல்ட் வந்தது. நெருப்பை எடுத்ததும் விழுந்தது. பெரியவர் மீட்டர் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் பேசவில்லை.

விளக்கை நான் அழிக்கவில்லை. “எரியட்டும் ஐயா. தானா அணையுதான்னு பாருங்க. இந்தத் தடவை ஈப்போ போவாதீங்க, ஊருக்குள்ளயே ஓட்டுங்க” என்று சொல்லி அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை காலை வந்தார். நோட்டைத் திறந்து காட்டினார். செவ்வாய், சந்தை, எரிந்தது. புதன், கோயில், எரிந்தது. வியாழன், சந்தை, பேரன் பள்ளிக்கூடம், எரிந்தது. வெள்ளி என்று எழுதி, எதிரே காலியாக விட்டிருந்தார்.

“இன்னைக்கு இல்ல தம்பி” என்றார். பிறகு மைலோ டின்னைக் கையில் எடுத்துக்கொண்டு, “பில்லு எழுதிக் குடுங்க. தேதி போடுங்க, மறந்துடாதீங்க.”