பெருந்தொற்றில் மாறியது மக்கள் மனமா, மாதிரியா?

கொரோனா காலத்தில் காடு, நீர், மீன்வளம் ஆகியவற்றின் மேலாண்மை பற்றிய மக்கள் கருத்து மாறிவிட்டதாகச் சொல்லும் கணிப்புகளை நம்பலாமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். 2020இல் ஊரடங்கு வந்ததும் நேரில் போய்க் கேட்பது பல நாடுகளில் நின்றது. கணிப்புகள் இணையத்துக்கும் தொலைபேசிக்கும் தாவின. கேள்விகள் பழையவைதான், மாதிரி, அதாவது கேட்பதற்காகத் தேர்ந்தெடுத்து பதில் பெற்ற ஆட்கள், வேறு. சந்தேகத்தை இங்கே தொடங்க வேண்டும்.

இணையக் கணிப்பில் முதியவர்கள் குறைவாகவே அகப்படுவார்கள். இதைச் சரிக்கட்டும் எடையிடல் முறை, அதாவது குறைவாக அகப்பட்ட பிரிவினரின் பதிலுக்குக் கூடுதல் மதிப்புத் தரும் முறை, அத்தனை அழகானது! ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மக்கள்தொகையில் 60 வயது கடந்தவர்கள் 20% என்று கொள்வோம். பதிலளித்த 1,000 பேரில் அவர்கள் 50 பேர், அதாவது 5%. எனவே ஒவ்வொரு முதியவருக்கும் எடை 20/5 = 4. மற்றவர்களுக்கு 80/95, ஏறத்தாழ 0.84. மீன்பிடித் தடைக்காலத்தை நீட்டிக்க முதியவர்களில் 30% பேரும் மற்றவர்களில் 60% பேரும் ஆதரவு என்றால், எடையிடாமல் வருவது 58.5%, எடையிட்டால் 54%. முந்தைய ஆண்டு நேரில் கேட்டபோதும் 54%தான் என்றால், எடையிட மறந்தவர் 'ஆதரவு 4.5 புள்ளி உயர்ந்தது' என்று எழுதிவிடுவார். உண்மையில் ஒருவர்கூட மனம் மாறியிருக்க மாட்டார்.

ஆனால் எடையிட்டால் துல்லியம் குறையும். எவ்வளவு என்பதைப் புள்ளியியலாளர் லெஸ்லி கிஷ் தந்த சூத்திரம் சொல்லிவிடுகிறது: எடைகளின் கூட்டுத்தொகையை வர்க்கப்படுத்தி, எடைகளின் வர்க்கங்களைக் கூட்டி வரும் தொகையால் வகுக்க வேண்டும். நம் கணக்கில் விடை 679. ஆயிரம் பேரைக் கேட்டும், 679 பேரைக் கேட்ட துல்லியமே மிஞ்சுகிறது. பிழை வரம்பு, அதாவது உண்மை மதிப்பிலிருந்து விடை எவ்வளவு விலகக்கூடும் என்ற அளவு, ±3.1 புள்ளியிலிருந்து ±3.8 ஆகிவிடும். ஒரு முதியவர் கைதவறி வேறு விடையைத் தொட்டால் நான்கு பேரின் பதில் புரண்டதாகிவிடும். எடைக்கு உச்சவரம்பு வைப்பது இதனால்தான்.

எடையிடலுக்கு எட்டாத பிழைகளும் உண்டு. இணையமே இல்லாத முதியவரின் கருத்து, இணையத்தில் இருக்கும் முதியவரின் கருத்தோடு ஒத்துப்போகும் என்பதற்கு உத்தரவாதமில்லை. தவிர, எதிரே ஓர் ஆள் அமர்ந்து கேட்டால் 'காட்டைக் காக்க வரி கட்டுவேன்' என்று சொல்லத் தோன்றும், தனியே திரையைப் பார்த்துச் சொல்லும்போது அந்தக் கூச்சம் குறையும். ஒரே காலத்தில் மாதிரியைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைத் தொலைபேசியிலும் மறு பாதியை இணையத்திலும் கேட்டால்தான் முறை மாறியதால் வந்த வேறுபாடு எவ்வளவு என்று தெரியும்.

எல்லாவற்றையும்விட நம்பகமானது, அதே ஆட்களை மீண்டும் கேட்பது. பிரிட்டனில் 2019இலும் 2020இலும் ஒரே நபர்களிடம் கேட்ட ஆய்வு ஒன்றில், பெருந்தொற்றுக் கவலை காலநிலை மாற்றக் கவலையை விழுங்கிவிடவில்லை என்று தெரிந்தது. 2019இல் ஒரு சுற்று நடந்திருந்ததால்தான் இதைச் சொல்ல முடிந்தது. நெருக்கடி வந்தபின் அவசர நிதி ஒதுக்குவதைவிட, சாதாரண ஆண்டுகளிலும் இத்தகைய தொடர்கணிப்புகளுக்குப் பணம் தருவதே முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. இவற்றிலும் ஒரு சிக்கல் உண்டு: இரண்டாம் சுற்றுக்கு வராமல் விலகியவர்கள். அவர்கள் எத்தனை பேர், முதல் சுற்றில் என்ன சொன்னார்கள் என்பதை வெளியிடாத கணிப்பு 'மக்கள் மாறிவிட்டார்கள்' என்றால் நான் ஏற்கமாட்டேன்.