ஸ்கேனர் கண்ணில் ஸ்கூபா பை

சென்னையில் விமானம் ஏறி அந்தமானில் முக்குளிக்கப் போகிறவரின் பையை ஒருமுறை எக்ஸ்ரே திரையில் பார்த்தால் போதும், பாதுகாப்புப் பணியாளர் ஏன் பெல்ட்டை நிறுத்துகிறார் என்பது புரிந்துவிடும். அந்தக் கருவி இரண்டு ஆற்றல் அளவுகளில் கதிர்களைச் செலுத்துகிறது. பொருள் அவற்றை எவ்வளவு விழுங்குகிறது என்று கணக்கிட்டு நிறம் தீட்டுகிறது. கரிமப் பொருளுக்கு ஆரஞ்சு, அலுமினியம் போன்ற லேசான உலோகத்துக்குப் பச்சை, கனமான உலோகத்துக்கு நீலம், கதிர் புகவே முடியாததற்குக் கறுப்பு.

சிலிண்டர் காற்றை மூச்சுவிடும் அழுத்தத்துக்குக் குறைத்துத் தரும் கருவி ரெகுலேட்டர். சிலிண்டரில் மாட்டும் அதன் ‘முதல் நிலை’ குரோம் பூசிய பித்தளைக் கட்டி. திரையில் அடர்நீலம். அதிலிருந்து கிளம்பும் குழாய்கள் சுருண்டு கிடக்கின்றன, முனையில் வட்டமான அழுத்தமானி. பக்கத்தில் டார்ச், அதற்குள் பேட்டரி. அடியில் சுருட்டிவைத்த வெட்சூட், அதாவது உடல் சூட்டைக் காக்கும் ரப்பர் உடை, ஓர் ஆரஞ்சுத் திரள். பெரும்பாலான வெடிமருந்துகளும் இதே ஆரஞ்சு நிறத்தில்தான் தெரியும். தனித்தனியாக இவற்றில் எதற்கும் தடை இல்லை. ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்தால் யாராக இருந்தாலும் பையைத் திறக்கத்தான் சொல்வார்கள்.

ஆகவே ரெகுலேட்டரைக் கைப்பையில் மேலாக, தனி உறையில் வையுங்கள். குழாய்களை இறுக்கி மடிக்காமல் அகன்ற வளையமாகச் சுற்றினால் ரப்பருக்கும் நல்லது, படமும் தெளிவாக விழும். கேட்பதற்கு முன்பே எடுத்துத் தட்டில் வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஒரு செட் சுமார் 3 கிலோ வரும். உள்நாட்டு விமானங்களில் கைப்பைக்கு வழக்கமாக 7 கிலோதான் என்பதால், ஆழத்தையும் நேரத்தையும் காட்டும் டைவ் கம்ப்யூட்டர், மாஸ்க், பேட்டரிகள் போக அதிகம் மிஞ்சாது. காலில் மாட்டும் ஃபின், வெட்சூட், காற்றை ஏற்றி இறக்கி மிதப்பைச் சரிசெய்யும் மேலங்கியான பிசிடி மூன்றும் செக்-இன் பைக்கு. நீரில் அமிழ்வதற்கான ஈயக்கட்டிகளை எடுத்துப் போகவே வேண்டாம். திரையில் கறுப்புப் பட்டையாக விழுந்து பின்னால் இருப்பதை மறைக்கும். டைவ் கடைகளில் அவை எப்படியும் கிடைக்கும்.

சிலிண்டரும் அப்படித்தான், ஆனால் காரணம் வேறு. வழக்கமான அலுமினியச் சிலிண்டரின் கொள்ளளவு 11.1 லிட்டர். 207 பார் அழுத்தத்தில் ஏறத்தாழ 2,265 லிட்டர் காற்று அதற்குள் அடைபட்டிருக்கிறது. அந்தக் காற்றின் எடை மட்டும் சுமார் 2.7 கிலோ. அது ஒரே நொடியில் வெளியேறினால், ஒரு டன் எடையுள்ள கார் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் மோதும்போது உள்ளதைவிடக் குறையாத ஆற்றல் வெளிப்படும். சிக்கல் என்னவென்றால், நிரம்பிய சிலிண்டரும் காலிச் சிலிண்டரும் எக்ஸ்ரேயில் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே தெரியும். தடித்த உலோகச் சுவருக்கு முன்னால் காற்றின் நிழல் எடுபடாது. அதனால்தான் அமெரிக்க விமான நிலையங்களில், வால்வை முழுதாகக் கழற்றி உள்ளே கண்ணால் பார்க்கும்படி இருந்தால் மட்டுமே சிலிண்டரை அனுமதிக்கிறார்கள். “காலிதான்” என்று வாயால் சொல்வது செல்லாது. கழற்றிய வால்வைப் போய்ச் சேர்ந்த இடத்தில் பயிற்சி பெற்றவர்தான் மாட்ட வேண்டும். வழியில் ஈரம் புகுந்திருந்தால் உட்புறச் சோதனையும் தேவைப்படும். இத்தனைக்கும் சிலிண்டரின் எடை 14 கிலோ. வாடகைச் சிலிண்டரே மேல். மிதவையை ஊதுவதற்கான குட்டிச் சிலிண்டர் வைத்திருப்பவர்கள் அதையும் மறந்துவிடக் கூடாது: அளவில் சிறியதாக இருந்தாலும் விதி ஒன்றுதான்.

உண்மையில் அதிகம் பயப்பட வேண்டியது டார்ச்சைப் பார்த்துத்தான். வீட்டு டார்ச் காற்றில் எரிவதற்காகச் செய்தது. சக்திவாய்ந்த டைவ் டார்ச்சோ தன் சூட்டைத் தண்ணீர் இழுத்துக்கொள்ளும் என்று நம்பிச் செய்தது. வெப்பத்தைக் கடத்துவதில் தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல். துணிகளுக்கு நடுவே பொத்தான் அழுந்தி அது எரியத் தொடங்கினால், சூடு போக வழியில்லாமல் பேட்டரிக்கே திரும்புகிறது. லித்தியம் அயனி செல் ஓர் எல்லையைத் தாண்டிச் சூடானால் தன் வேதிவினையாலேயே மேலும் சூடாகிக்கொண்டு போகும். சரக்கறையில் உள்ள ஹேலான் வாயு சுடரை அடக்கும்; செல்லுக்குள் நடக்கும் வினையை நிறுத்தாது. விமான அறையில் இதே நடந்தால் பணிப்பெண் பார்ப்பார், தண்ணீர் ஊற்றிக் குளிரவைப்பார். உதிரிப் பேட்டரி செக்-இன் பையில் இருக்கவே கூடாது என்ற விதியின் காரணம் இவ்வளவுதான்.

கணக்கு எளிது: வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் வாட்-மணி. 3.6 வோல்ட், 3,400 மில்லி ஆம்பியர்-மணி கொண்ட, 18650 எனப்படும் உருளை வடிவச் செல் ஒன்று 12 வாட்-மணிக்குச் சற்று அதிகம். நான்கு செல் போட்ட வீடியோ விளக்குகூட 50-ஐத் தாண்டாது. 100 வரை தனி அனுமதி தேவையில்லை. 100-லிருந்து 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும், உதிரி இரண்டுக்கு மேல் கூடாது. அதற்கும் மேல் போனால் பயணிப் பையில் இடமே இல்லை. நீருக்கடி ஸ்கூட்டர்கள் பல இங்கேதான் மாட்டிக்கொள்கின்றன.

அதிசக்தி டைவ் விளக்குகளுக்குத் தனி விதியும் உண்டு: நிறுவனத்தின் ஒப்புதலோடு, விளக்கையும் பேட்டரியையும் பிரித்து வைக்க வேண்டும். சிறிய டார்ச்சிலும் இதையே செய்துவிடுவது நல்லது. பேட்டரியை வெளியே எடுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனிப் பிளாஸ்டிக் பெட்டியில் போடுங்கள். பெட்டி இல்லையென்றால் முனைகளில் டேப் ஒட்டுங்கள். அளவு அச்சிட்ட உறை கிழிந்துபோன பேட்டரியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். எத்தனை வாட்-மணி என்று உங்கள் வாய்வார்த்தையை அதிகாரி நம்ப வேண்டிய கட்டாயம் இல்லை.

கத்தி செக்-இன் பைக்கு, உறையோடு. இது எல்லோருக்கும் தெரியும். பிடிபடுவது பெரிய கத்தி அல்ல, பிசிடி பட்டையில் எப்போதோ மாட்டி மறந்துபோன சின்ன நூல்வெட்டி. பிசிடியைக் கைப்பையில் கொண்டுபோகிறவர்கள் எல்லாப் பையறைகளையும் தடவிப் பார்ப்பது நல்லது.

கேமராவை நீர் புகாமல் மூடும் பெட்டியான ஹவுசிங்கைப் பாதுகாப்புச் சோதனையில் யாரும் தடுப்பதில்லை. அதற்குக் கேடு வருவது மேலே போன பிறகு. பறக்கும்போது அறையின் அழுத்தம் சுமார் 0.75 பார் வரை இறங்கலாம். தரையில் மூடிய ஹவுசிங்குக்குள் 1 பார் காற்று இருக்கிறது. லென்ஸுக்கு முன்னால் உள்ள 15 செ.மீ. விட்டக் கண்ணாடிக் குவிமாடத்தின் மேல், உள்ளிருந்து வெளியே சுமார் 45 கிலோ எடைக்குச் சமமான விசை. கடலுக்கடியில் இதைவிடப் பல மடங்கு அழுத்தத்தை அது தாங்குகிறதே என்று தோன்றலாம். ஆனால் அங்கே வெளியிலிருந்து உள்ளே அமுக்குகிறது. அந்தத் திசைக்காகத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். எதிர்த்திசையில் மேலே கொஞ்சம் காற்று கசிந்துபோனால், இறங்கிய பின் மூடி உறிஞ்சிப் பிடித்துக்கொண்டு திறக்க மறுக்கும். மூடியில் கசிவை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கைக் கழற்றித் தனியே வைத்தால் தீர்ந்தது. டார்ச் மூடியையும் ஒரு சுற்றுத் தளர்த்திவிடுங்கள்.

திரும்பும்போது இதே அழுத்தக் குறைவு உங்கள் உடம்பைப் பாதிக்கும். திசுக்களில் கரைந்திருக்கும் நைட்ரஜன் குமிழாகிவிடாமலிருக்க, ஒரே ஒரு சாதாரண முக்குளிப்பு என்றால் குறைந்தது 12 மணி நேரமும், பல முறை அல்லது பல நாள் என்றால் 18 மணி நேரமும் கழித்தே விமானம் ஏற வேண்டும். நிறுத்தி நிறுத்தி மேலேறும் வகை முக்குளிப்புக்கு இன்னும் நீண்ட இடைவெளி தேவை. அந்த நேரத்தில் வெட்சூட்டை உள்புறம் வெளியே தெரியும்படி திருப்பி நிழலில் காயப்போடுங்கள், பிசிடிக்குள் தங்கிய தண்ணீரைத் தலைகீழாகப் பிடித்து வடியுங்கள். வரும்போது 15 கிலோவாக இருந்த பை திரும்பும்போது 17 காட்டுவது பெரும்பாலும் இந்தத் தண்ணீரால்தான்.