மலைப்பாதை பிக்கப்பும் மூடுபனி விளக்கும்

கழுவி மூட்டை கட்டிய கேரட்டை ஏற்றிக்கொண்டு இரவில் குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கும் பிக்கப் வண்டிகளுக்கு, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மூடுபனி ஓயாத தொல்லை. பனி அடர்ந்ததும் பலர் முதலில் செய்வது, முகப்பு விளக்கை டிம்மிலிருந்து பிரைட்டுக்கு மாற்றுவதுதான். மாற்றிய கணமே கண்ணாடிக்கு முன்னால் வெள்ளை வேட்டியைக் கட்டித் தொங்கவிட்டதுபோல் ஆகி, அதுவரை மங்கலாகவேனும் தெரிந்த ஓரக் கோடும் மறைந்துவிடுகிறது. வெளிச்சம் கூடும்போது பார்வை ஏன் குறைகிறது என்பது விளங்கிவிட்டால், கடையில் வாங்கிப் பொருத்தும் பாக் லைட்டை (மூடுபனி விளக்கை) எங்கே, எந்தச் சாய்வில் மாட்ட வேண்டும் என்பதும் விளங்கிவிடும்.

மூடுபனி என்பது தரையைத் தொட்டு நிற்கும் மேகம். அதிலுள்ள நீர்த்துளிகள் பெரும்பாலும் 10 முதல் 20 மைக்ரோமீட்டர் விட்டம் கொண்டவை. ஒவ்வொரு துளியும் தன்மீது படும் ஒளியின் பெரும்பகுதியை முன்னோக்கியும், ஒரு சிறு பகுதியைப் பின்னோக்கியும் சிதறடிக்கிறது. பின்னோக்கி வரும் அந்தச் சிறு பகுதிதான் ஓட்டுநரின் கண்ணை மறைக்கும் வெள்ளைத் திரை. பார்வைத் தூரம் 50 மீட்டர் என்று வானிலையாளர்கள் கணக்கிடும் பனியில், நேராகச் செல்லும் ஒளிக்கற்றை 50 மீட்டரைக் கடப்பதற்குள் 5 சதவீதமாகக் குறைந்துவிடும். 25 மீட்டர் தொலைவிலுள்ள மைல்கல்லைத் தொட்டுவிட்டுக் கண்ணுக்குத் திரும்பும் ஒளிக்கும் அதே 50 மீட்டர் பயணம்தான். வண்டிக்கு மிக அருகிலுள்ள துளிகளோ விளக்கின் முழு வலிமையையும் வாங்கி, அதில் ஒரு பங்கை உடனே கண்ணுக்கு அனுப்பிவிடுகின்றன. இந்நிலையில் 55 வாட் பல்பைக் கழற்றிவிட்டு 100 வாட் பல்பைப் போட்டால் மைல்கல்லிலிருந்து வரும் ஒளி எத்தனை மடங்கு கூடுகிறதோ, திரையின் வெண்மையும் அத்தனை மடங்கு கூடும். இரண்டுக்கும் இடையிலான விகிதம் மாறாததால் பார்வையும் மாறாது.

ஆகவே செய்யக்கூடியது ஒன்றுதான்: கண்ணிலிருந்து சாலைக்குச் செல்லும் பார்வைக்கோட்டில் ஒளிபடும் பனியின் நீளத்தைக் குறைக்க வேண்டும். ஓட்டுநரின் கண் தரையிலிருந்து 1.6 மீட்டர் உயரத்தில் இருப்பதாகவும், அவர் 20 மீட்டர் தொலைவிலுள்ள சாலைப்பரப்பைப் பார்ப்பதாகவும் கொள்வோம். பாக் லைட் அரை மீட்டர் உயரத்தில் இருந்து, அதன் ஒளியின் மேல்விளிம்பு கத்தரித்ததுபோல் நின்று, மீட்டருக்கு 1.3 செ.மீ. வீதம் கீழே சரிந்து சென்றால், பார்வைக்கோடு ஏறத்தாழ 16 மீட்டர் வரை இருட்டான பனிக்குள்ளேயே செல்கிறது. கடைசி 4 மீட்டர் அளவுக்குத்தான் ஒளிபட்ட பனியைக் கடக்கிறது. அதே விளக்கைக் கேபினின் கூரைமேல் வரிசையாக மாட்டினால், கண்ணுக்கு முன்னாலுள்ள பனி முழுவதும் ஒளிர்ந்து, பிரைட்டை விட மோசமான திரையை உருவாக்கும். கூரை விளக்குகள் பார்வைக்குக் கம்பீரமாக இருக்கலாம். மூடுபனியில் அவற்றைப் போடுவது ஆபத்து என்றே சொல்வேன்.

ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் வகுத்த 48-ஆம் விதிமுறை, கார்களிலும் சிறு சரக்கு வண்டிகளிலும் இந்த விளக்கு தரையிலிருந்து 25 செ.மீ.க்குக் கீழேயோ 80 செ.மீ.க்கு மேலேயோ இருக்கக் கூடாது என்கிறது. பிக்கப்பில் அதற்கு ஏற்ற இடம் பம்பரின் கீழ்ப்பகுதி. பம்பருக்கு முன்னால் இரும்புக் குழாயில் தடுப்புக் கட்டி, அதில் விளக்கை மாட்டும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அத்தகைய தடுப்புகள் கூடாது என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு அறிவுறுத்திவிட்டது.

உயரத்தைப் போலவே அகலமும் முக்கியம். கொண்டை ஊசி வளைவில் முகப்பு விளக்கின் ஒளி நேராகப் பள்ளத்தின் மேலுள்ள வெட்டவெளிக்குப் போய்விடும். இருபுறமும் அகலமாக விரியும் பாக் லைட்டின் ஒளிதான், வளைவின் உட்புறத்திலுள்ள கைப்பிடிச் சுவரையும் வடிகால் ஓரத்தையும் காட்டிக் கொடுக்கிறது.

மஞ்சள் ஒளி பனியைத் துளைக்கும் என்ற நம்பிக்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒளியின் அலைநீளத்தை விட மிகச் சிறிய துகள்களில்தான் நீலம் அதிகமாகவும் சிவப்பு குறைவாகவும் சிதறும். வானம் நீலமாகத் தெரிவதற்கு அதுவே காரணம். பனித்துளியோ அலைநீளத்தைப் போல் இருபது மடங்குக்கும் மேல் பெரியது என்பதால் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறடிக்கிறது. மூடுபனி வெண்மையாகத் தெரிவதே இதற்குச் சான்று. பிரான்சில் 1930-களின் பிற்பகுதியிலிருந்து 1993 வரை முகப்பு விளக்கே மஞ்சளாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இருந்தது. நீல ஒளி குறைவதால் சிலருக்குக் கண்கூச்சம் குறைகிறது என்ற அளவில் மஞ்சளுக்கு ஒரு பயன் உண்டு.

விளக்கின் உள்ளமைப்பில் பலர் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. பல்பின் இழை, பின்னாலுள்ள குழிந்த எதிரொளிப்பானின் குவியத்தில் துல்லியமாக அமர்ந்திருந்தால்தான் மேல்விளிம்பு கத்தரித்ததுபோல் நிற்கும். குவியத் தொலைவு 25 மி.மீ. உள்ள எதிரொளிப்பானில் இழை 1 மி.மீ. மேலோ கீழோ விலகினால், 10 மீட்டர் தொலைவில் ஒளி 40 செ.மீ. இடம் மாறும். ஹாலஜன் பல்புக்காகச் செய்த கூட்டில் எல்இடி பல்பைச் செருகும்போது நிகழ்வது பெரும்பாலும் இதுவே. ஒளிரும் பரப்பின் வடிவமும் இடமும் மாறுவதால் ஒளி மேலே சிதறுகிறது. எல்இடி வேண்டுமென்றால், எல்இடிக்கென்றே வடிவமைத்த முழு விளக்கையும் வாங்குவதுதான் சரி.

இனி ஒயரிங். இரண்டு 55 வாட் பல்புகள் 12 வோல்ட்டில் 9 ஆம்பியருக்குச் சற்று அதிகமாக இழுக்கும். இதை டேஷ்போர்டின் சிறு ஸ்விட்ச் வழியாக நேரடியாக விட்டால் ஸ்விட்சின் முனைகள் கருகும். சிறு மின்னோட்டத்தைக் கொண்டு பெரிய மின்னோட்டத்தை இயக்கும் ஸ்விட்சான ரிலே இருப்பது இதற்காகத்தான். அதன் 85, 86 என்ற முனைகளுக்கிடையிலுள்ள கம்பிச்சுருளுக்கு 0.2 ஆம்பியர் அளவுக்கு மின்னோட்டம் போதும்; அது காந்தமாகி ‘டிக்’ என்று உள்தகட்டை இழுத்ததும், பேட்டரியிலிருந்து 30-க்கு வரும் மின்சாரம் 87 வழியாக விளக்குக்குப் பாய்கிறது. சுருளுக்கான மின்சாரத்தைப் பார்க் லைட் ஒயரிலிருந்து ஸ்விட்ச் வழியாக எடுத்தால், பார்க் லைட்டை அணைத்ததும் பாக் லைட்டும் அணைந்துவிடும். 15 ஆம்பியர் ஃபியூஸ் பேட்டரிக்கு ஒட்டியே இருக்க வேண்டும். தள்ளிப் போட்டால், இடைப்பட்ட ஒயர் உரசி பாடியில் பட்டு ஷார்ட்டாகும்போது காப்பதற்கு எதுவும் இருக்காது. 0.75 சதுர மி.மீ. ஒயரில் 4 மீட்டர் இழுத்தால் அதிலேயே 0.8 வோல்ட் போய்விடும். ஹாலஜனில் அது ஒளியை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைக்கும் என்பதோடு, ஒயரும் சூடேறும். 2.5 சதுர மி.மீ. ஒயரே தகுந்தது. எர்த் முனையைப் பொருத்துமிடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி வெற்று இரும்பில் முடுக்க வேண்டும்.

எல்லாம் முடிந்தபின் விளக்கின் சாய்வைச் சரிசெய்யும் வேலை இருக்கிறது. கார்களுக்கு எளிதான இது பிக்கப்பில் மாறிவிடுகிறது. சமதளத்தில் சுவரிலிருந்து 7.5 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, விளக்கின் மையத்துக்கு நேரான உயரத்தில் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடும், அதற்கு 10 செ.மீ. கீழே மற்றொரு கோடும் போட்டு, ஒளியின் மேல்விளிம்பு கீழ்க்கோட்டில் நிற்கும்படி நட்டை முடுக்குவது வழக்கம். ஆனால் காலி வண்டியில் இப்படிச் சரிசெய்துவிட்டுப் பிறகு மூட்டைகளை ஏற்றினால், பின்சக்கர ஸ்பிரிங் பட்டைகள் அமுங்கிப் பின்பக்கம் தாழ்ந்து மூக்கு தூக்கிக்கொள்ளும். முன்-பின் சக்கரங்களுக்கிடையே 3 மீட்டர் இருக்கும் வண்டியில் பின்பக்கம் 6 செ.மீ. இறங்கினால் சாய்வு 2 சதவீதம் மாறுகிறது. நாம் பார்த்துப் பார்த்து வைத்த சரிவு 1.3 சதவீதம்தான் என்பதால், அது முழுவதும் அழிந்து ஒளி மேல்நோக்கியே கிளம்புகிறது. முன்பு கணக்கிட்ட பார்வைக்கோட்டில் ஒளிபடும் பனி 4 மீட்டருக்குள் இருந்து 7 மீட்டரைத் தாண்டிவிடும்.

ஆதலால் வழக்கமான பாரத்தை ஏற்றி, டயரில் காற்றைச் சரிபார்த்து, ஓட்டுநர் இருக்கையிலும் ஒருவரை உட்காரவைத்த பிறகே சுவர்க்கோட்டைப் பார்க்க வேண்டும். மண்டியில் மூட்டைகளை இறக்கிவிட்டுக் காலியாக மலையேறும்போது ஒளி முன்னால் 15 மீட்டர் அளவிலேயே தரையில் விழுந்துவிடும். பனியில் ஊர்ந்து செல்லும் வேகத்துக்கு அது போதுமானது.