இராணுவத்தில் சட்ட அதிகாரி ஆக விரும்பும் பெண்களுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும்

இராணுவத்தினரின் வழக்குகளை நடத்தும் வழக்கறிஞரான என் அலுவலகத்துக்குச் சென்ற மாதம் ஓர் இளம்பெண் தன் தாயாருடன் வந்திருந்தார். வயது இருபத்தைந்து, ஐந்தாண்டுச் சட்டப் படிப்பை நல்ல மதிப்பெண்களுடன் முடித்தவர். இராணுவத்தின் சட்டப் பிரிவான ஜட்ஜ் அட்வகேட் ஜெனரல் துறையில் சேர வேண்டும் என்பது கல்லூரிக் காலம் முதலே அவருடைய விருப்பம். அவருக்குத் திருமணமாகி மூன்று மாதங்கள் ஆகியிருந்தன. மணமாகாதவர்கள் மட்டுமே இந்த நுழைவுக்கு விண்ணப்பிக்க முடியும் என்று நான் சொன்னதும், "கல்யாணம் முடிஞ்சா நிம்மதியாப் போகட்டும்னுதானே மேடம் முடிச்சு வச்சோம்" என்று தாயார் கலங்கிவிட்டார். இப்படி என்னிடம் வந்தவர்களில் இவர் முதலாமவர் அல்லர் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

அறிவிக்கையை ஒருமுறை முழுமையாகப் படித்திருந்தால் இந்தத் துயரம் நேர்ந்திருக்காது. வயது 21 முதல் 27 வரை, சட்டப் பட்டத்தில் குறைந்தது 55 விழுக்காடு, வழக்கறிஞராகப் பதிவு செய்துகொள்ளும் தகுதி, அண்மை ஆண்டுகளில் முதுநிலை கிளாட் (சட்ட முதுநிலைப் படிப்புக்கான நுழைவுத்) தேர்வின் மதிப்பெண், அதன்பின் எஸ்.எஸ்.பி. எனப்படும் அதிகாரிகள் தேர்வு வாரியத்தின் நேர்காணல். சட்டப் படிப்பு முடியவே இருபத்து மூன்று ஆகிவிடும் நாட்டில், 27 என்பது மிக அருகில் இருக்கும் வயது.

பெற்றோர் பலர் என்னிடம் சொல்வது, "அது மேசை வேலைதானே, அரசு வழக்கறிஞர் மாதிரி இராணுவத்துக்காக வாதாடுவார்கள்" என்பது. இந்தத் தவறான எண்ணத்தை நான் எத்தனை முறை திருத்தினாலும் அது மீண்டும் வந்து நிற்கிறது. ஒரு ஜெனரல் கோர்ட் மார்ஷலில், அதாவது இராணுவத்தின் உள் நீதிமன்றத்தில், குறைந்தது ஐந்து அதிகாரிகள் அமர்ந்து விசாரிப்பார்கள்; அவர்கள் சட்டம் பயின்றவர்களாக இருக்க வேண்டியதில்லை. 1950-ஆம் ஆண்டு இராணுவச் சட்டத்தின் 129-ஆம் பிரிவின்படி, அந்த விசாரணையில் ஒரு ஜட்ஜ் அட்வகேட் கட்டாயம் இருந்தாக வேண்டும். அவர் குற்றம் சாட்டும் தரப்பும் அல்லர், எதிர்த்தரப்பும் அல்லர். நீதிபதியும் அல்லர், ஏனென்றால் தீர்ப்பில் அவருக்கு வாக்கு இல்லை. எந்தச் சாட்சியம் ஏற்கத்தக்கது, எது தள்ளத்தக்கது, குற்றத்தின் கூறுகள் எவை என்று எடுத்துரைப்பதும், இறுதியில் சாட்சியங்களைத் தொகுத்துச் சட்ட நிலையை விளக்குவதும் அவர் பணி. தன்னைவிடப் பதவியில் மூத்த அதிகாரிகளின் முன் ஒரு பெண் மேஜர் எழுந்து, "இந்த வாக்குமூலத்தை நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளக் கூடாது" என்று சொல்லும் இடம் அது. ஒரு சிப்பாயின் விடுதலையும் ஓய்வூதியமும் அந்த ஒரு வாக்கியத்தைச் சார்ந்திருக்கக் கூடும். ஆயுதப் படைகள் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு நடத்தும் என் போன்றோர் நடவடிக்கைக் குறிப்புகளில் முதலில் தேடிப் படிக்கும் பக்கங்களில் அந்தத் தொகுப்புரையும் ஒன்று. இதை மேசை வேலை என்று யாரும் தயவுசெய்து சொல்லாதீர்கள்.

"பத்துப் பதினான்கு ஆண்டில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்" என்பது அடுத்த பேச்சு. ஒரு காலத்தில் அது உண்மை. 1992-இல் பெண்கள் அதிகாரிகளாகச் சேர்க்கப்பட்டபோது சட்டப் பிரிவும் அவர்களுக்குத் திறக்கப்பட்டது, ஆனால் குறுகிய காலப் பணிக்கு மட்டுமே. 2008-இல் சட்டப் பிரிவிலும் கல்விப் பிரிவிலும் பெண்களுக்கு நிரந்தரப் பணி அனுமதிக்கப்பட்டது. 2020 பிப்ரவரி 17 அன்று பபிதா புனியா வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த உரிமையைப் பெண்கள் சேர்க்கப்பட்டிருந்த பிற பிரிவுகளுக்கும் உறுதிசெய்தது. 2025 ஆகஸ்டில், அர்ஷ்னூர் கவுர் வழக்கில், சட்டப் பிரிவு நுழைவில் ஆண்களுக்கு ஆறு இடம், பெண்களுக்கு மூன்று இடம் என்றிருந்த பகுப்பையே நீதிமன்றம் செல்லாதது என்றது. தேர்வான ஆண்களைவிடக் கூடுதல் மதிப்பெண் பெற்ற பெண்கள் வெளியே நிறுத்தப்பட்டிருந்தார்கள் என்பதே அந்த வழக்கின் சாரம். இவ்வளவும் நடந்த பிறகும், முப்பது ஆண்டுக்கு முந்தைய செய்தியை வைத்து மகளைத் தடுப்பது நியாயமா என்று யோசியுங்கள். இராணுவத்தின் இளம் அதிகாரிகள் பயிற்சி பெறும் அகாடமிகளுள் ஒன்று நம் பரங்கிமலையிலேயே இருக்கிறது. சட்டப் பிரிவுக்குத் தேர்வாகிறவர்களும் அங்கேதான் பயிற்சி பெறுகிறார்கள்.

ஏற்கெனவே பணியில் இருக்கும் சகோதரிகளுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. மேலதிகாரிகள் உங்கள் பணியை மதிப்பிட்டு எழுதும் ஆண்டு இரகசிய அறிக்கையைச் சம்பிரதாயம் என்று விட்டுவிடாதீர்கள். பெண்களுக்கு நிரந்தரப் பணி கிடைக்காது என்ற எண்ணத்தில் அந்த அறிக்கைகள் பல ஆண்டுகள் அக்கறையின்றி எழுதப்பட்டன என்பதை 2021 மார்ச்சில் நிதிஷா வழக்கில் உச்ச நீதிமன்றமே சுட்டிக்காட்டியது. ஓர் அறிக்கை உங்களைக் குறைத்து மதிப்பிட்டிருப்பது தெரியவந்தால், பதவி உயர்வு வாரியம் உங்களைத் தள்ளும்வரை காத்திருக்காதீர்கள். இராணுவச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்கீழ் மத்திய அரசுக்கு முறையீடு செய்யும் உரிமை அதிகாரிகளுக்கு உண்டு; மூத்தவர்கள் மனம் வருந்துவார்கள் என்று அதை விட்டுக்கொடுத்தவர்களின் கோப்புகள் என் அலமாரியில் இருக்கின்றன. மற்றவர்களுக்குச் சட்டம் சொல்லும் அதிகாரிகளே தம் சொந்த வழக்கில் இப்படிச் சோர்ந்துபோவதைப் பார்க்க வேதனையாக இருக்கிறது.

காலக்கெடுவையும் குறித்துக்கொள்ளுங்கள். முறையீட்டின் மீதான இறுதி உத்தரவு பிறப்பிக்கப்பட்ட நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் ஆயுதப் படைகள் தீர்ப்பாயத்தில் மனு தாக்கல் செய்ய வேண்டும். முறையீட்டுக்குப் பதிலே வராவிட்டால், ஆறு மாதம் காத்திருந்து, அதன்பின் வரும் ஆறு மாதத்துக்குள் வர வேண்டும். தாமதத்தை மன்னிக்கக் கோரலாம், ஆனால் அதற்குக் காரணம் காட்ட வேண்டும். உத்தரவின் நகல், அது உங்கள் கைக்கு வந்த தேதி, முறையீட்டின் நகல், அதை ஒப்படைத்ததற்கான சான்று, இந்த நான்கையும் ஒரே உறையில் போட்டு, இடமாற்றம் எங்கே வந்தாலும் உடன் எடுத்துச் செல்லுங்கள்.