கோயிலில் கட்டாயத் தாலி: சீரியல் பார்த்துச் சொல்லும் தீர்ப்பும் சட்டம் சொல்லும் தீர்ப்பும்

கதாநாயகி கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறாள். பின்னால் வந்தவன் அவள் கழுத்தில் தாலியைக் கட்டிவிடுகிறான். கோயில் மணி அடிக்கிறது, 'தொடரும்' போடுகிறார்கள். அன்று இரவே வீட்டுக்கு வீடு தீர்ப்பு வந்துவிடுகிறது. "பிடிக்குதோ பிடிக்கலையோ, தாலி ஏறிருச்சு. இனி அவன்தான் புருஷன், அவ நல்ல குணத்தால அவனைத் திருத்தட்டும்" என்பது ஒரு கட்சி. "கழற்றி அவன் மூஞ்சியில எறிஞ்சுட்டுப் போகட்டும், அவ்வளவுதான்" என்பது இன்னொரு கட்சி. கதைக்கு இரண்டில் எது பொருத்தம் என்பது அவரவர் ரசனை. ஆனால் ஒரு பெண் நிஜமாகவே இந்த நிலையில் வந்து நிற்கும்போதும் சுற்றியிருப்பவர்கள் இதே இரண்டில் ஒன்றைத்தான் அவளுக்குச் சொல்கிறார்கள். இரண்டுமே அவள் வழக்கைக் கெடுக்கக்கூடியவை.

'தாலி கட்டினாலே கல்யாணம்' என்ற நம்பிக்கை வெறும் வழக்கத்திலிருந்து மட்டும் வந்ததல்ல. 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாட்டுக்கென 1967இல் கொண்டுவந்த திருத்தம், 7ஏ பிரிவைச் சேர்த்தது. சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்ட அங்கீகாரம் தந்த பிரிவு அது. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் இருவரும் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொன்னாலோ, மாலை மாற்றினாலோ, மோதிரம் அணிவித்தாலோ, தாலி கட்டினாலோ திருமணம் செல்லும். புரோகிதர் வேண்டாம். மனம் ஒத்த இருவர் எளிதாக மணந்துகொள்ள எழுதப்பட்ட இந்த வரியை, மனம் ஒவ்வாதவள் கழுத்தில் கயிறு போட்டவன் தனக்குச் சாதகமாகக் காட்டுகிறான் என்பது பெரிய கொடுமை.

அதே சட்டத்தின் 12(1)(சி) பிரிவு, பலவந்தத்தாலோ மோசடியாலோ சம்மதம் பெறப்பட்டிருந்தால் அந்தத் திருமணத்தை ரத்து செய்யக் கேட்கலாம் என்கிறது. இது விவாகரத்து அல்ல. விவாகரத்துக்கு மனுப்போடப் பொதுவாகத் திருமணமாகி ஒரு வருடம் ஆகியிருக்க வேண்டும். ரத்து மனுவுக்கு அந்தக் காத்திருப்பு இல்லை, மறுநாளே போடலாம். சம்மதமே இல்லை, சடங்கே நடக்கவில்லை என்றால் 'திருமணமே நடக்கவில்லை' என்று அறிவிக்கும்படி குடும்ப நீதிமன்றத்தில் கேட்கலாம். அதை முதல் கோரிக்கையாகவும், ரத்தை மாற்றுக் கோரிக்கையாகவும் வைப்பதே பாதுகாப்பு.

இனி சொல்வதுதான் மிக முக்கியம். சீரியலின் அடுத்த நூறு எபிசோடும் இதற்கு நேர் எதிராகவே ஓடும். 12(2) பிரிவு இரண்டு கதவுகளை மூடுகிறது. பலவந்தம் ஓய்ந்து, அல்லது மோசடி தெரியவந்து, ஒரு வருடத்துக்குப் பிறகு வரும் ரத்து மனுவை நீதிமன்றம் ஏற்காது. பலவந்தம் ஓய்ந்தபின், அல்லது மோசடி தெரிந்தபின், அவள் முழு மனதோடு அவனோடு கணவன் மனைவியாக வாழ்ந்திருந்தாலும் ஏற்காது. 'அவனைத் திருத்திக் காட்டுகிறேன்' என்று கதாநாயகி அந்த வீட்டில் விளக்கேற்றி, பொங்கல் வைத்து, ஃபோட்டோவுக்குச் சிரித்து நிற்கும் காட்சிகளைப் பார்த்து நாம் நெகிழ்கிறோம். நிஜத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் நீதிமன்றத்தில் நீட்டும் ஆதாரம் அந்த ஃபோட்டோதான். அங்கே இருந்தது பயத்தினால் என்றால், அந்தப் பயத்தை அவள்தான் நிரூபிக்க வேண்டியிருக்கும்.

கழற்றி எறிந்துவிட்டு வந்தால் போதும் என்பதும் தப்பு. எந்த உத்தரவும் வாங்காமல் விட்டால், நாளை அவளுக்கு வேறு இடத்தில் நிச்சயம் ஆகும்போது அவன் ஃபோட்டோவோடு வருவான், அல்லது இந்து திருமணச் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி 'என் மனைவியைச் சேர்த்துவையுங்கள்' என்று மனுப்போடுவான். தாலியையும் எறியக் கூடாது, அது சான்றுப் பொருள். கிழிந்த உடையைத் துவைக்காமல் காகித உறையில் வையுங்கள். காயமிருந்தால் அன்றே அரசு மருத்துவமனையில் காட்டி, எப்படி ஏற்பட்டது என்பதைப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். கோயில் கேமராப் பதிவு சில நாட்களிலேயே அழிந்து அதன்மேல் புதிய பதிவு ஏறிவிடும். அதனால் அதைக் கைப்பற்றும்படி புகாரிலேயே கேளுங்கள்.

புகாரை எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். எல்லை வேறு என்று திருப்பி அனுப்ப முடியாது. மனு ரசீது கேட்டு வாங்குங்கள். கட்டாயக் கல்யாணத்துக்காகக் கடத்தியிருந்தால், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 87ஆம் பிரிவில் பத்தாண்டு வரை சிறை. பெண்ணின் மானத்தைக் குலைக்கும் நோக்கில் வன்முறை காட்டியிருந்தால் 74ஆம் பிரிவும் வரக்கூடும்.

பல வழக்குகள் சறுக்குவது இதற்குப் பிறகுதான். நிலையத்திலேயே பெரியவர்கள் கூடிப் பேசி, 'விருப்பத்துடன் கணவருடன் செல்கிறேன்' என்று ஒரு தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். போடாதீர்கள். பின்னால் பலவந்தம் என்று சொல்லும்போது அந்தத் தாள்தான் குறுக்கே நிற்கும்.

மணமேடையில் அக்காவுக்குப் பதில் தங்கையை உட்காரவைக்கும் கதைக்கும் அதே 12(1)(சி) பிரிவுதான், மோசடி என்ற வகையில். ஏமாந்தது மாப்பிள்ளை என்றால் அவரும் மனுப்போடலாம். பெண்ணுக்கு 18 வயது ஆகாவிட்டால் 2006ஆம் ஆண்டு குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் கூடுதல் காலம் தருகிறது: 20 வயது நிறைவதற்குள் ரத்து கேட்கலாம். பலவந்தமாகக் கொண்டுபோய் நடத்தியிருந்தால் அந்தக் குழந்தைத் திருமணம் தொடக்கத்திலிருந்தே செல்லாது.

சீரியலில் மாமியார் நீட்டும் 'டைவர்ஸ் பேப்பரில்' மருமகள் கையெழுத்துப் போட்டதும் உறவு அறுந்துவிட்டதென்று பலர் நம்புகிறார்கள். அந்தத் தாளால் எந்தத் திருமணமும் முறியாது. பரஸ்பர சம்மத விவாகரத்துக்குக்கூட, ஒரு வருடம் பிரிந்திருந்து, இருவரும் மனுப்போட்டு, வழக்கமாக ஆறு மாதம் கழித்து மறுபடி நீதிபதி முன் சம்மதத்தை உறுதிசெய்ய வேண்டும். நீதிமன்றம் ஆணை பிறப்பிக்கும் வரை அவள் மனைவிதான், ஜீவனாம்சமும் கேட்கலாம். இதற்கிடையில் அவன் இன்னொருத்திக்கு முறைப்படி தாலி கட்டினால் பாரதிய நியாய சன்ஹிதா 82ஆம் பிரிவில் ஏழாண்டு வரை சிறை.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்று தயங்க வேண்டாம். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தருகிறார்கள், எண் 15100. உடனடி ஆபத்தென்றால் 112, மகளிர் உதவிக்கு 181.