உண்ணிச்செடியை வெட்டிவிட்டுப் போகாதீர்கள்

நீலகிரியின் வடக்குச் சரிவில் பயிற்சி மாணவர் குழு ஒன்று இரண்டு நாள் உழைத்து அகற்றியதாகப் பதிவேட்டில் எழுதப்பட்ட, உண்ணிச்செடி (லாண்டனா) என்னும் அயல் களையின் புதரை, ஏழு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தேன். முழங்கால் உயரத்தில் வெட்டப்பட்டிருந்த ஒரு தூரின் முன் குனிந்து எண்ணியபோது, 4 தண்டுகள் இருந்த இடத்தில் 17 துளிர்கள் கிளம்பியிருந்தன. அந்த மாணவர்கள் சோம்பி இருக்கவில்லை. அவர்களுடைய உள்ளங்கைகள் கொப்பளித்திருந்ததை நானே பார்த்தேன். எங்கே வெட்ட வேண்டும் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். இந்த ஆண்டில் இதே காட்சியை மூன்றாவது முறையாகக் கண்டுவிட்டதால் இதை எழுதுகிறேன்.

வெட்டினால் செடி செத்துவிடும் என்ற எண்ணம் மாணவர்களிடம் மட்டுமல்ல, அவர்களை அழைத்துவரும் ஆசிரியர்களிடமும் வேரூன்றியிருக்கிறது. வேலிச்செடி அடர்ந்து வளர வேண்டுமானால் நாம் என்ன செய்கிறோம்? அதைக் கத்தரித்து விடுகிறோம். உண்ணிச்செடி அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து அழகுக்காகவும் வேலிக்காகவும் கொண்டுவரப்பட்ட செடிதான். கத்தரிக்கக் கத்தரிக்கத் தழைப்பது அதன் இயல்பு. தண்டும் வேரும் கூடுகிற கழுத்துப் பகுதியில் உறங்கு மொட்டுகள் இருக்கின்றன. மேலே உள்ள தண்டை எத்தனை முறை வெட்டினாலும், நெருப்பே வைத்தாலும், அந்தக் கழுத்து மண்ணில் இருக்கும்வரை அது துளிர்த்துக்கொண்டேதான் இருக்கும். தில்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி. ஆர். பாபுவின் குழுவினர் வகுத்த முறை இதனால்தான் மண்ணுக்கு மேலே அல்ல, மண்ணுக்குக் கீழே வெட்டச் சொல்கிறது. தூரைச் சுற்றி மண்ணை விலக்கி, ஆணிவேரை 3 முதல் 5 செ.மீ. ஆழத்தில் துண்டித்து, செடியை முழுதாகத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துவிட வேண்டும். வெட்டுப்பட்ட வேர் வானத்தைப் பார்த்துக் காய்ந்துபோகும்; மறுபடி மண்ணைத் தொட்டு வேர்விட அதற்கு வாய்ப்பில்லை. இதற்குக் கொடுவாள் போதாது, நீண்ட பிடி வைத்த கொத்துதான் வேண்டும். ஒரு தூருக்கு ஐந்து நிமிடம் ஆனாலும் ஆகட்டும். நாளொன்றுக்கு முப்பது தூரை முறையாக எடுத்த மாணவர், ஓர் ஏக்கரை மொட்டையடித்தவரைவிடக் காட்டுக்கு அதிகம் செய்திருக்கிறார்.

கறுத்துப் பழுத்த காய்களோடு கிளைகளைத் தடம் நெடுக இழுத்துச் செல்வதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். கொண்டைக்குருவிகள் செய்கிற விதைப்பு போதும், நாமும் சேர்ந்து செய்ய வேண்டியதில்லை. மழை பெய்து மண் இளகியிருக்கும்போது, காய் பழுக்கும் முன்பே வேலையைத் தொடங்குவது நல்லது.

அடையாளப் பிழை இதைவிடக் கொடியது. முதுமலை, வயநாடு காடுகளில் வேகமாகப் பரவியிருக்கும் அயல் மஞ்சள் கொன்றையின் நாற்றுகளைப் பிடுங்கும்படி சொல்லியிருந்த ஒரு நாளில், ஒரு மாணவி பெருமையோடு ஒரு கட்டு நாற்றைக் கொண்டுவந்து என் முன் வைத்தார். அதில் பாதி நம்முடைய சரக்கொன்றை. அவரைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை, ஏனெனில் இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டாதது எங்கள் தவறு. சரக்கொன்றையின் சிற்றிலைகள் பெரியவை, எண்ணிக்கையில் குறைந்தவை. அயல் கொன்றைக்கு ஒரே காம்பில் பல இணைகளாகச் சிறிய, கூரிய சிற்றிலைகள் வரிசைகட்டி நிற்கும். பூத்த மரமானால், நம்முடையதன் பூங்கொத்து கீழே தொங்கும், அயலானது மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கும். ஐயம் இருந்தால் பிடுங்காதீர்கள். கேளுங்கள், உடன் வரும் இருளர், குறும்பர் பணியாளர்கள் நாற்றைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்கள்.

பாதுகாப்பு குறித்துச் சுருக்கமாக, ஆனால் கண்டிப்பாகச் சொல்கிறேன். உண்ணிச்செடிப் புதருக்குள் பத்தடி தொலைவில் யானை நின்றாலும் தெரியாது, கரடி படுத்திருந்தாலும் தெரியாது. முன்னால் நடக்கும் பழங்குடிப் பணியாளர் "நில்" என்றால் நிற்க வேண்டும்; காரணத்தைப் பிறகு கேட்கலாம். காதில் பாட்டுக் கருவி கூடாது. முழுக்கைச் சட்டை அணியுங்கள், காற்சட்டையின் விளிம்பைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள், மாலையில் உடம்பு முழுவதும் இரத்தம் உறிஞ்சும் உண்ணிப் பூச்சி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். 1957-இல் கர்நாடகத்தின் சிவமொக்கா பகுதியில் முதன்முதலில் கண்டறியப்பட்ட குரங்குக் காய்ச்சல், பின்னர் மேற்குத் தொடர்ச்சி மலையின் வேறு பகுதிகளிலும் தலைகாட்டியிருக்கிறது. அது உண்ணி வழியாகப் பரவுவது. கடித்திருக்கும் உண்ணியை நசுக்காமல், இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக எடுங்கள். ஓரிரு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், காட்டுக்குப் போய்வந்ததை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள்.

மாணவர்களை அனுப்பும் பேராசிரியர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அயல் தாவரங்களை அகற்றி வாழிடங்களை மீட்பதற்கென்றே தமிழ்நாடு அரசு 2022-இல் ஒரு கொள்கையை வெளியிட்ட பிறகு, பயிற்சிக்கு வரும் மாணவர்கள் பெருகியிருக்கிறார்கள் என்பதை நானே காண்கிறேன். அது எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் ஆண்டுதோறும் புதிய இடம் கேட்காதீர்கள். மண்ணுக்குள் கிடக்கும் விதைகள் அடுத்த மழையிலும் அதற்கடுத்த மழையிலும் முளைக்கும், முளைத்த நாற்றைப் பிடுங்கி அங்கே உள்ளூர்ப் புல்லை நட ஆள் வேண்டும். சென்ற ஆண்டு உங்கள் மாணவர்கள் வெட்டிய அதே அரை ஏக்கருக்கு இந்த ஆண்டின் மாணவர்களை அனுப்புங்கள். அந்த 17 துளிர்கள் கிளம்பிய தூரையும் அங்கே நான் காட்டுகிறேன், கொத்தோடு வாருங்கள்.